வீட்டை இழுத்துக்கொண்டு போனவர்

எங்கள் வீட்டில் நான் 'பார்க்கலாம்' என்று சொன்னால் 'வேண்டாம்' என்று அர்த்தம். முப்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். அவருடைய தம்பி வேலை தேடி வந்து எங்களோடு தங்கட்டுமா என்று கேட்டபோது 'பார்க்கலாம்' என்றேன், தம்பி வரவில்லை. ஊரில் அவருடைய அண்ணன் வாங்கும் அபார்ட்மென்டிலேயே நாமும் ஒன்று வாங்கிப் போடலாமா என்றபோது 'பார்க்கலாம்' என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஒரு கேரவன் வாங்கி அதிலேயே குடியிருந்தால் என்ன என்று கேட்டபோது நான் சொன்ன 'பார்க்கலாம்' மட்டும் அவர் காதில் 'சரி' என்று விழுந்துவிட்டது.

நான் ஐக்கிய அரபு அமீரகத்தில், புஜைரா என்ற ஊரில், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கப்பல்களுக்கு நிரப்பும் எண்ணெயின் மாதிரிகள் பாட்டில் பாட்டிலாக வரும்; தரம் சரியா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. ஓய்வு பெற எனக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தார். அந்தக் கம்பெனி வேறொன்றோடு சேர்ந்தபோது, வயதானவர்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு கேடயம் கொடுத்து, கேக் வெட்டி, அனுப்பிவிட்டார்கள். இங்கே வேலை போனால் விசாவும் போகும். அதனால் அவருடைய விசாவை என் பொறுப்புக்கு மாற்றினோம். அதுவரை அவருடைய விசாவில் நான் இருந்தேன். இப்போது என் விசாவில் அவர். "இனிமே நீதான் என் கஃபீல்" என்று சிரித்தார். இந்த ஊரில் கஃபீல் என்றால் நாம் நாட்டில் இருப்பதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் எஜமான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை நான் கவனித்தேன்.

ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தார். மகள் கனடாவில். மகன் பெங்களூரில். நான் ட்யூட்டிக்குப் போய்விட்டால் அவருக்குப் பேச ஆளில்லை. சோபாவில் படுத்தபடி வீடியோ பார்ப்பார். ஆஸ்திரேலியாவில், அமெரிக்காவில், நரைத்த தலையோடு கணவனும் மனைவியும் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஏரிக்கரையில் காபி குடிப்பார்கள். "பாரு, நம்ம வயசுதான்" என்பார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த வீடியோக்களில் எந்தப் பெண்ணும் விடியற்காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், வாசலில் காரோடு நிற்கிறார். "ஏறு, ஒண்ணு காட்டணும்" என்றார். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கின் முற்றத்துக்குக் கூட்டிப் போனார். நாட்டை விட்டுக் கிளம்பும் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் விட்டுப்போன கேரவன் அங்கே நின்றது. வெள்ளை நிறத்தில், ஜன்னல் வைத்த நீளமான பெட்டி.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. யாரோடது?"

"நம்மோடது."

"என்கிட்ட சொல்லவே இல்லையேங்க."

"சொன்னேனே. நீ பார்க்கலாம்னு சொன்னியே. அதான் பார்க்கக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அன்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தாமல் விட்டதற்குக் காரணம் அவர் முகம். அந்தக் கேக் வெட்டிய நாளுக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. கதவைத் திறந்து காட்டுகிறார், அலமாரியை இழுத்துக் காட்டுகிறார், 'இது மடிச்சா மேஜை, விரிச்சா கட்டில்' என்று சின்னப் பையன் மாதிரி குதிக்கிறார். ஃப்ளாட்டின் வாடகையை வேறு உயர்த்தப் போவதாக ஓனர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு படுக்கையறை எதற்கு என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒப்பந்தம் முடியும்போது காலி செய்வது என்று முடிவானது. முடிவானது என்றுதான் சொல்ல முடியும். யார் எடுத்த முடிவு என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது.

அப்புறம் சாமான்களைக் கழிக்கும் வேலை. ஆகாதவற்றை விடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மகளின் பள்ளிப் புத்தகங்கள், உடைந்த சூட்கேஸ்கள், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடி டம்ளர் செட்டுகள் எல்லாவற்றையும் நானே அள்ளிப் போட்டேன். ஆனால் எது ஆகாது என்று சொல்லும் உரிமை மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. ஒரு மாலை வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜைக் காணோம். அதை விற்கப்போகிறோம் என்று தெரியும். கூடவே என் கிரைண்டரையும் காணோம்.

"கிரைண்டர் எங்கங்க?"

"ஃப்ரிட்ஜ் வாங்கின ஆளு பேரம் பேசிக்கிட்டே இருந்தான். அதையும் வச்சுக்கோன்னு குடுத்துட்டேன். கல்லு மாதிரி கனம், வண்டிக்கு ஆகாது. கடையிலதான் மாவு பாக்கெட்ல விக்குதே."

இலவசமாக. பேரத்தை முடிக்க ஒரு கொசுறு. நான் வாரம் தவறாமல் பயன்படுத்திய ஒரு பொருள், யார் என்றே தெரியாத ஒருவன் கையில். அதே வண்டியின் கூரையோரம் அவருடைய நான்கு தூண்டில்கள் ஏறின. அவர் மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் மீன் சாப்பிடுவதும் இல்லை. கம்பெனி கொடுத்த கேடயமும் ஏறியது. கனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபது வருடமாக எங்கள் ஃப்ளாட்டில் என்ன நிறத் திரைச்சீலை தொங்குகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த மனிதர், கேரவன் ஜன்னலுக்குத் திரை தைக்க மலைகளைத் தாண்டி துபாய் சத்வா வரை கார் ஓட்டிக்கொண்டு போய், தையல்காரரிடம் நின்று துணியைத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தார். திரை நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

திப்பா போகும் வழியில், மலையடிவாரத்தில், வயதான அரபி ஒருவருடைய தோட்டம். பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை எங்களுக்கு விட்டார். தோட்டத்திலிருந்தே மின்சாரம், தண்ணீர்க் குழாய். குளிர்காலம் தொடங்கியிருந்தது. என் கணவர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். மகளுக்கு அனுப்பினார். மகள் உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, யூ கைஸ் ஆர் ஸோ கூல்! என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நம்பவே மாட்டேங்கறாங்க."

"நீ வந்து ஒரு வாரம் இருந்து பாரு" என்றேன். அவள் சிரித்தாள். அம்மா ஜோக் அடிப்பதாக நினைத்துக்கொண்டாள்.

என் வேலையில் எண்ணெய் நாற்றம் தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கையுறை, கோட்டு எல்லாம் இருந்தாலும் முடியை விடாது. இருபது வருடமாக வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை தலைக்குக் குளிப்பதுதான். கேரவனில் தண்ணீர் ஒரு சின்னத் தொட்டியில். நான் ஒருமுறை தலைக்கு ஊற்றினால் தொட்டி காலி. அதை நிரப்ப அவர் தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸ் இழுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீர் இன்னொரு தொட்டியில் நிறையும், அதைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் சொன்னார்:

"தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடும்மா. ப்ளான் பண்ணிக்கலாம்."

ஐம்பத்தேழு வயதில், நான் சம்பாதிக்கும் காசில், தலை குளிக்க முன்னறிவிப்பு. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். நிறைந்ததும் இழுத்து எடுத்துக்கொண்டுபோய்க் கழிவுக் குழியில் கொட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு முறை என்று ஒப்பந்தம். இரண்டு முறை அவர் செய்தார். மூன்றாவது முறை இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த இடுப்பு அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தூக்கும் நாளில் மட்டும் பிடித்துக்கொள்ளும். வாரக் கடைசியில் துபாயிலிருந்து நண்பர்கள் குடும்பத்தோடு வந்தால், கூடார விரிப்பை இழுத்துக் கட்டவும், நாற்காலிகளை இறக்கவும், அடுப்பு மூட்டவும் அது வில் போல வளையும்.

ஆம், நண்பர்கள் வந்தார்கள். எல்லா வாரமும் யாராவது. கை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டுப்படும் அடுப்படியில் நான் பத்துப் பேருக்குச் சமைத்தேன். வெளியே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொருள்களின் பிடியிலிருந்து விடுபடுவது பற்றிப் பேசுவார். "மனுஷனுக்கு என்ன வேணும்? ஒரு கூரை, ஒரு கட்டில், கொஞ்சம் ஆகாயம்." கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் மனைவிகள் உள்ளே எட்டிப் பார்த்து, "குடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள். அப்புறம் தங்கள் மூன்று படுக்கையறை வீட்டுக்குக் கார் ஏறிப் போய்விடுவார்கள். பாத்திரம் என்னோடு.

பிடித்த நேரங்களும் இருந்தன, இல்லை என்றால் பொய். பிப்ரவரியில் ஒரு காலை மழை பெய்து, மலையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஓடையாக இறங்கியது. லீவு நாள். வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தோம். மண்வாசனை. தூரத்தில் கடலில் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. அவர் என் தோளில் கை வைத்து, "வீட்டுல இருந்திருந்தா இத பார்த்திருப்போமா?" என்றார். பார்த்திருக்க மாட்டோம்தான். அப்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மறுநாள் காலை இஸ்திரி போட இடமில்லாமல், கட்டில் மேல் துணி விரித்து, மண்டியிட்டு என் கோட்டைத் தேய்த்தபோது, முந்தின நாள் சந்தோஷப்பட்டதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

மே மாதம் வந்தது. வெயில் என்ற சொல் போதாது. தோட்டத்து மின்சாரம் பம்ப் ஓடும் நேரத்தில் குறைந்துவிடும். கேரவன் கூரையில் இருந்த ஏசி மூச்சிரைத்து நின்றுவிடும். தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்புறம் கதை சொல்ல வேண்டியதில்லை. ஏசி சுத்தமாகப் படுத்துவிட்ட அன்று, புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் பழுது பார்க்க வந்தார். முப்பது வயதிருக்கும். ஒரு கம்பெனி கேம்ப்பில் தங்கி, ட்யூட்டி இல்லாத நேரத்தில் இப்படிச் சில்லறை வேலை செய்பவர். கூரையில் ஏறி வியர்க்க வியர்க்க வேலை செய்தார். என் கணவர் கீழே நின்றபடி அவருக்கும் அதே பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"சின்ன இடத்துல வாழ்றதுல ஒரு சொகம் இருக்கு தம்பி. பெரிய வீடெல்லாம் சும்மா."

"ஆமா சார்" என்றார் அவர், மரியாதைக்கு.

"நீங்கள்லாம் கேம்ப்ல எத்தனை பேர் ஒரு ரூம்ல?"

"எட்டுப் பேர் சார்."

"பாருங்க, ஜாலியா இருக்கும்ல?"

நான் உள்ளே போய்விட்டேன். அதற்கு மேல் அங்கே நின்றிருந்தால் கையில் இருந்த டம்ளரை வீசியிருப்பேன்.

வேலை முடிந்து அந்த ஏசிக்காரர் மோர் வாங்கிக் குடித்தார். என் கணவர் ஏதோ எடுக்க அப்பால் போயிருந்தார். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சர்வீஸுக்கு ஒண்ணும் வேணாம். பார்ட் வாங்குன காசு மட்டும் குடுங்க" என்றார்.

"ஏன்ப்பா? வேலை செஞ்சிருக்கீங்களே."

"இருக்கட்டும்க்கா. சாருக்கு வேலை போயிருச்சுன்னு தோட்டத்துல சொன்னாங்க. இந்த வயசுல வீடு இல்லாம இந்தத் தகரத்துக்குள்ள... எல்லாருக்கும் ஒரு கஷ்ட காலம் வரும்க்கா. சரியாயிடும்."

இல்லைப்பா, நாங்கள் ஆசைப்பட்டு இப்படி இருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஊரில் ஒரு வீடு கட்டத்தான் அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவராகப் படுத்துக் கிடக்கிறார். நான் வற்புறுத்தி முழுக்காசையும் அவர் பையில் திணித்தேன். அன்று மாலை நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நம்மளப் பத்தி அவன் என்ன நினைச்சிட்டான்?"

"அவர் நினைச்சது தப்பில்லைங்க. நீங்க பேசினதுதான் தப்பு."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சின்ன இடத்தில் பேசாமல் இருப்பது எப்படி என்று யாராவது பயின்று பார்க்க வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

ஏசி பத்து நாளில் மறுபடியும் படுத்தது. ஜூன் கடைசியில் அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"ஓமன்ல, சலாலாவுல இப்போ சாரல் சீசன் ஆரம்பிக்குது. மலையெல்லாம் பச்சையா இருக்குமாம். இங்க அம்பது டிகிரி, அங்க இருபத்தஞ்சு."

"எனக்கு லீவு இல்லைங்க. தெரியும்ல?"

"தெரியும். அதான்... நானும் நம்ம துபாய் நண்பர் ஒருத்தரும் மட்டும் கிளம்பலாம்னு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டிக்குவோம். அவரோட பெரிய வண்டியில கேரவன இழுத்துக்கிட்டுப் போயிடறோம். ரெண்டு மாசம்தானே."

எனக்கு முதலில் புரியவில்லை. "கேரவன் போயிட்டா நான் எங்க இருக்கிறது?"

அவர் யோசித்து வைத்திருந்தார். "உன் லேப்ல ஒரு கேரளாக்காரம்மா இருக்காங்களே. வீட்டுக்காரர் கப்பல்லதானே. அவங்களுக்கும் துணையா இருக்கும்."

சொன்னதில் என்ன தவறு என்று அவருக்குத் தெரியவே இல்லை. வீடு என்று நம்மிடம் இருப்பது ஒன்று. அதைக் கொக்கியில் மாட்டி, இன்னொரு நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார். மனைவிக்கு அடுத்தவர் வீட்டு சோபா. அன்று நான் முப்பது வருடத்தில் பேசாததை எல்லாம் பேசினேன். கிரைண்டரிலிருந்து கழிப்பறைப் பெட்டி வரை. தோட்டத்துக்காரர்கள் பம்ப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

"நீ சம்பாதிக்கிற. அதான் இப்படிப் பேசற."

அவர் சம்பாதித்த காலத்தில் நான் இப்படிப் பேசவில்லை என்பது உண்மை. பேசியிருக்க வேண்டும்.

அவர் போய்விட்டார். நான் ட்யூட்டியில் இருந்தபோதே. மாலையில் தோட்டத்துக்குப் போனேன், மிச்சத் துணிகளைத் தோட்டக்காரரின் அறையில் வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் வீடு நின்ற இடத்தில் டயர் தடமும், தண்ணீர் சொட்டிய ஈர வட்டமும் இருந்தன. இரண்டு சூட்கேஸைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தேன். அழவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மலையாளித் தோழி கதவைத் திறந்து, பெட்டிகளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டாள். "சேச்சி, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்" என்றாள். நல்லவள். ஆனாலும் அடுத்தவர் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கேட்க வேண்டும், குளியலறைக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். சலாலாவிலிருந்து தினமும் படங்கள் வந்தன. பனிமூட்டம், பச்சை மலை, ஒட்டகம், சாலையோர இளநீர்க் கடை, கேரவன் வாசலில் நாற்காலி. 'மிஸ் யூ' என்று ஒரு வரி. குடும்ப க்ரூப்பில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் மட்டும் எதையும் தூக்கவில்லை.

இரண்டாவது வாரம் வீடு பார்க்கக் கிளம்பினேன். ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் இருந்தவர், "மேடம், ஹஸ்பண்ட் எங்கே?" என்று கேட்டார்.

"சலாலாவில்."

"அங்கே டியூட்டியா?"

"இல்லை. மழை பார்க்கப் போயிருக்கிறார்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஊருக்குள், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. ஒரே அறை, சின்ன சமையலறை, குளியலறை. ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும். முதல் நாள் வேலை முடிந்து வந்து குழாயைத் திறந்தேன். யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்காமல், மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் கொதித்த தண்ணீர் சூடு ஆறும் வரை ஓடவிட்டு, ஆசை தீரத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்புறம் தரையில் பாயை விரித்துக் கையையும் காலையும் முழுவதும் நீட்டிப் படுத்தேன். எதுவும் இடிக்கவில்லை. சின்ன இடம்தான். ஆனால் நானாகப் பார்த்து, நானாகச் சரி என்று சொன்ன இடம்.

செப்டம்பரில் அவர் திரும்பி வந்தார். வெயிலில் கறுத்து, கொஞ்சம் இளைத்து. கேரவனைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலம் சாம்பிராணியோடு மூன்று மாடி ஏறி வந்தார். நான் வீடு எடுத்திருப்பது மகள் மூலம் தெரிந்திருக்கிறது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

"அதுக்கு இது பழியா? என்னை வீட்டை விட்டுத் துரத்துறியா?"

"நான் எங்க துரத்தினேன்? உங்க வீட்டை நீங்கதான் இழுத்துக்கிட்டுப் போனீங்க. எனக்கு ஒண்ணு நான் பார்த்துக்கிட்டேன்."

சாம்பிராணியை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்க் கூப்பிடவில்லை.

அவர் விசா முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் டைப் செய்துகொடுக்கும் கடைக்கு இருவரும் போனோம். கம்ப்யூட்டர் முன் இருந்த மலையாளி இளைஞன் கேட்டான்:

"ஸ்பான்சர் சாரா, மேடமா?"

"நான்தான்" என்றேன்.

"ஹவுஸ் காண்ட்ராக்ட் வேணும் மேடம். பழையது போன வருஷமே தீர்ந்து போச்சு."

என் கணவர் முன்னால் சாய்ந்து, "நாங்க கேரவன்ல இருக்கோம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பையன் விழித்தான். "சார், அது வண்டி அல்லே? வண்டிக்கு முல்கியா உண்டு, ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு. அது போதாது. ஃபேமிலி விசாவுக்கு வீடு வேணும். வீடு இல்லாம நடக்காது சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீடே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்கு, இந்த நாட்டில் இன்னொரு நாள் இருப்பதற்கு என் மூன்றாவது மாடி அறை வேண்டும். அந்தப் பார்வைக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எவ்வளவோ சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை, மூன்றாம் மனிதர் முன்னால் அவரைக் கூனிக்குறுக வைப்பதில் எனக்கு ருசி இல்லை. பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

காரில் ஏறியதும் சொன்னேன். "ரூம் என் பேர்ல இருக்கு. என்னோடதாவே இருக்கும். நீங்க வரலாம், ஃபோன் பண்ணிட்டு வாங்க. கேரவன நீங்க வச்சுக்குங்க. அதோட வேலை எல்லாம் உங்களோடது. மாசத்துல ரெண்டு வாரக் கடைசி நான் அங்க வரேன், விருந்தாளியா. யாருக்கும் சமைக்க மாட்டேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். அப்புறம், "நான் கெட்டவனா?" என்று கேட்டார்.

"இல்ல. கேக்காம செய்றவர்."

"கேட்டா நீ பார்க்கலாம்ப."

"இனிமே வேண்டாம்னா வேண்டாம்னே சொல்றேன்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. குளிர்காலத்தில் அவர் தோட்டத்தில். அவரே தண்ணீர் பிடிக்கிறார், அவரே கொட்டுகிறார்; இடுப்பு என்ன ஆனது என்று நான் கேட்பதில்லை. சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், சுமாராக இருக்கிறது. இந்தக் கோடையில் ஏசி நின்றபோது ஃபோன் செய்துவிட்டு இங்கே வந்து தங்கினார். பாத்திரம் கழுவினார். "அப்போ நீங்க சமாதானம் ஆயிட்டீங்களா?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு ஒரு சந்தோஷமான முடிவு வேண்டும். கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது என்று சொன்னால், அப்படியானால் ஏன் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்கிறாள். கோபத்தோடும் சாப்பிடலாம் என்பது அவளுக்கு இனிமேல்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வோம் என்று இருவருமே பேசுவதில்லை.

தீபாவளிக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடினோம். நான் தனியாக அறை எடுத்திருப்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "என்ன, சண்டையா?" என்று ஒருத்தி சிரித்தபடி கேட்டாள். "ஆமாம்" என்றேன். அந்தப் பதிலை எதிர்பார்க்காததால் அவள் லட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அண்ணாச்சி பாவம், வண்டியில தனியா கிடக்கிறாராம் என்று ஒரு குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் சூடாகத் திரும்புவதற்குள், போன வருடம் என் அடுப்படியை எட்டிப் பார்த்து 'குடுத்து வச்சவங்க' என்று சொன்ன பெண் என் கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவருக்கும் அடுத்த மார்ச்சில் வேலை முடிகிறது. அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள்.

"அவரும் இப்போ வண்டி வண்டின்னு வீடியோ பார்க்க ஆரம்பிச்சிட்டார்க்கா" என்றாள். சுற்றும் பார்த்துவிட்டு, "உங்க பில்டிங்ல வேற ரூம் ஏதாவது காலியா இருக்கா?" என்று கேட்டாள்.

வாட்ச்மேன் நம்பரை அவள் ஃபோனில் நானே ஏற்றிக் கொடுத்தேன்.